பீடியை விடவைத்தது சாமியா, சகவாசமா?

"பீடி சிகரெட்டை விடுவதும் விடாததும் அவனவன் சொந்தச் சங்கதி, இதில் பகுத்தறிவு இயக்கத்துக்கு என்ன வேலை?" என்று குழித்துறைத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேட்டவர் விதண்டாவாதத்துக்காகக் கேட்கவில்லை. அவர் மூன்று தடவை பீடியை விட்டவர். மூன்று தடவையும் மறுபடி பிடித்தவர். நான்காம் தடவையாக விட்டு ஒன்பது நாள் ஆன நிலையில், மனம் தளர்ந்துபோவதைக் கண்டு தமக்குத்தாமே வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மறைக்கவே இப்படிக் கேட்டார் என்பது மேற்கொண்டு பேசியதில் விளங்கிற்று. அவருக்குச் சொன்ன பதில் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறோம்.

முதலாவதாக, அந்தத் தோழருக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை நமக்குப் பிறவியிலேயே வந்ததல்ல என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாமும் இருபது வருஷ காலம் பீடி குடித்தவர்களே. தலைவிதி என்று ஒன்றில்லை, மனிதன் தன் புத்தியால் தன்னைத் திருத்திக்கொள்ளக் கூடியவன் என்று மேடையில் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசுவோம். மேடையை விட்டு இறங்கினவுடனே கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் நம் பக்கத்தில் வந்து, "மாமா, நீங்க சொல்லுதத நீங்களே கேக்க மாட்டியளா?" என்றான். எத்தனையோ பண்டிதர்களுக்கும் புராணிகர்களுக்கும் பதில் சொல்லியிருக்கிற நமக்கு, அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடைக்கவில்லை. ஆகவே இது சொந்தச் சங்கதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கும் வழியில்லை. அந்தத் தோழருக்கும் வழியில்லை.

நிற்க. விட முடியாது, விட முடியாது என்று சொல்லுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். கார்த்திகை பிறந்தால் நம் விளவங்கோடு வட்டாரத்தில் எத்தனை பேர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள்? ஒரு நாளைக்கு இரண்டு கட்டுப் பீடி ஊதிக்கொண்டிருந்தவர், மாலை கழுத்தில் ஏறினது முதல் 41 நாளைக்குப் பீடியைத் தொடாமல் இருப்பதை நாம் பார்க்கவில்லையா? மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினதும், கழற்றின கையோடு சாயாக்கடைக்கு வந்து ஒன்று பற்றவைப்பதையும் பார்க்கத்தானே செய்கிறோம்?

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, ஐயப்பன் சக்தியை!" என்பார்கள் பக்தர்கள். ஐயப்பனுக்கு அந்தச் சக்தி இருக்குமானால் அது 42-ஆம் நாள் எங்கே போயிற்று? 41 நாள் ஒரு மனிதனைக் காப்பாற்றத் தெரிந்த சாமிக்கு, அப்புறம் ஒரு நாள் காப்பாற்றத் தெரியாமல் போவானேன்? பக்தர்கள் இதற்குப் பதில் சொல்லமாட்டார்கள். நாம் சொல்லுகிறோம், கேளுங்கள்.

மாலை போட்டவர் வெளியே வந்தவுடன் ஊரே அவரைச் "சாமி" என்று கூப்பிடுகிறது. சாயாக்கடைக்காரர் அவருக்குப் பீடி எடுத்துக் கொடுப்பதில்லை. கூட வேலை செய்கிறவன், "ஒண்ணு வலிடே, ஒண்ணும் ஆயிராது" என்று நீட்டுவதில்லை. வீட்டில் அவருக்கென்று வேளைக்குச் சமையல் நடக்கிறது. சாயங்காலமானால் அவரைப் போலவே மாலை போட்ட பத்துப் பேர் ஒன்றுகூடுகிறார்கள். ஒருவருக்குச் சோர்வு வந்தால் மற்றவர்கள் தேற்றுகிறார்கள். இத்தனைக்கும் மேல், எந்தத் தேதி வரை என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. மாலை கழன்றவுடன் இவ்வளவும் ஒரே நாளில் நின்றுபோகிறது. நீட்டாதிருந்த கையெல்லாம் நீட்டுகிறது. தேற்றின கூட்டம் கலைகிறது. ஆகவே 41 நாளும் அவரைக் காப்பாற்றியது சாமியல்ல, சகவாசந்தான் என்பதும், அவரை விழத்தட்டியதும் அதே சகவாசந்தான் என்பதும் எவருக்கும் விளங்கும்.

இதில் நாம் ஒரு மதத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். தேங்காய்ப்பட்டணத்துச் சகோதரர்கள் ரம்சான் மாதம் முழுவதும் விடிவதற்கு முன்பிருந்து பொழுது சாயும்வரை ஒரு பீடியும் தொடாமல் இருக்கிறார்கள். நோன்பு திறந்ததும் சிலர் முதலில் தேடுவது அதைத்தான். கிறிஸ்தவத் தோழர்களில் தவக்காலத்தின் 40 நாளும் நிறுத்தி வைத்துவிட்டு, ஈஸ்டர் அன்று "உயிர்த்தெழ"ச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று கூட்டத்தாரும் நிரூபித்துக் காட்டுவது ஒன்றே: மனிதனால் பீடியை விட முடியும், தன்னோடு சேர்ந்து நாலு பேர் விடுகிற காலத்தில் சுலபமாக விட முடியும். நிரூபித்தது மனிதர்கள், பெயர் தட்டிக்கொண்டு போவது சாமிகள். இந்தக் கணக்கைத் திருத்துவது பகுத்தறிவுக்காரனுடைய வேலை அல்லவா?

இதைவிடப் பரிதாபம் ஒன்றுண்டு. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் சரக்கு இழுத்த சில வினாடிகளிலேயே மூளைக்குப் போய்ச் சேருகிறது. நாளடைவில் மூளை அதை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. அது வராவிட்டால் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, எதிலும் மனம் நிலைகொள்ளாமை ஆகியவை வருகின்றன. இந்த உபத்திரவம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தில் நிற்கும். பெரும்பாலோருக்கு மூன்று நாலு வாரத்தில் தணிந்துவிடும் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் 41 நாள் கடந்தவர் கஷ்டத்தின் பெரும்பகுதியைத் தாண்டி வந்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? ஆற்றை நீந்திக் கரையேறினவர், "விரதம் முடிந்தது" என்று சொல்லிக்கொண்டு திரும்பவும் நடு ஆற்றிலேயே குதிப்பதை என்னவென்பது?

ஆனால், நாலு மாலைக்காரர்களைப் பார்த்து முடிவு கட்டுவது பகுத்தறிவாகாது. பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்று ஒருவர் கேட்பாரானால் அது நியாயமான கேள்வியே. அப்படிப் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். தூரதேசத்தில் அல்ல, களியக்காவிளை தாண்டினால் வருகிற திருவனந்தபுரம் ஜில்லாவின் கிராமங்களில்தான். நம் பக்கத்துப் புற்றுநோயாளிகள் தேடிப் போகிறார்களே, அந்தத் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்து ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து செய்து, 2013-ல் வெளியிட்ட சோதனை அது. புகைபிடிக்கும் 928 பேரை எடுத்துக்கொண்டார்கள். 454 பேருக்குப் புகையிலையின் தீங்கைப் பற்றிப் பொதுவாக எடுத்துச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள். மற்ற 474 பேர் இருந்த பகுதியில் அதோடு நிற்காமல், பயிற்சி பெற்றவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். டெலிபோனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். பலரைச் சேர்த்து வைத்துப் பேசவும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்ததில், பிரசுரம் மாத்திரம் பெற்றவர்களில் விட்டிருந்தவர்கள் 100-க்கு 6.8 வீதம், ஆள் போய்ப் பேசின பகுதியில் 100-க்கு 14.7 வீதம். பாதிக்குப் பாதி குறைத்துக்கொண்டவர்கள் முதல் வகையில் 100-க்கு 13.6 வீதம், இரண்டாம் வகையில் 41.3 வீதம். இரண்டு பக்கத்திலும் மந்திரித்த கயிறு இல்லை, நேர்த்திக்கடன் இல்லை. வித்தியாசம் மனிதன் மனிதனைப் போய் விசாரித்ததில்தான் இருந்தது.

இதில் ஒன்றை மறைக்கக்கூடாது. ஆள் போய்ப் பேசியும் 100-க்கு 85 பேர் அந்த வருஷத்தில் விடவில்லை. காரியம் சுலபமானதென்று நாம் சொல்ல வரவில்லை. சுலபம் என்று சொல்லி ஆளை ஏமாற்றுவது தாயத்து விற்கிறவன் வேலை.

அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த கணக்கு ஒன்றுண்டு, 2008-ல் வெளிவந்தது. கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைபிடிக்கும் வாய்ப்பு 100-க்கு 67 வீதம் குறைந்தது. சிநேகிதர் விட்டால் 36 வீதம் குறைந்தது. சிறிய தொழிலிடத்தில் கூட வேலை செய்கிறவர் விட்டால் 34 வீதம் குறைந்தது. அங்கே ஜனங்கள் தனித்தனியாக விடவில்லை, கூட்டங்கூட்டமாகவே விட்டார்கள் என்று அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். நெருப்பு ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பரவுவதுபோல், அதை அணைப்பதும் பரவும் என்பதே இதன் பொருள்.

இனி, நம் தோழர்களிலேயே சிலருக்கு உள்ள ஒரு மூடநம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். சாமியை விட்டுவிட்டவர்கள் அந்த இடத்தில் "மன உறுதி" என்று ஒரு புதுச் சாமியைக் குடியேற்றிக்கொண்டிருக்கிறார்கள். "நான் நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்; எவன் தயவும் எனக்கு வேண்டாம்; பிறர் உதவியைத் தேடுவது சுயமரியாதைக்குக் குறைவு" என்கிறார்கள். ஒருவர் உதவியும் இல்லாமல் விட முயலுகிறவர்களில், ஆறு மாதம் ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பவர்கள் 100-க்கு மூன்று முதல் ஐந்து பேரே என்றும், பெரும்பாலோர் முதல் எட்டு நாளைக்குள் மறுபடி பிடித்துவிடுகிறார்கள் என்றும் ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். 100-க்கு 95 தடவை கைவிடுகிற சாமியை எதற்காகக் கும்பிடவேண்டும்? விழுந்தவரைப் பார்த்து, "உனக்கு மன உறுதி போதாது" என்று சொல்லுவதற்கும், "நீ சரியாக வேண்டிக்கொள்ளவில்லை" என்று பூசாரி சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்?

பிறர் உதவியை ஏற்பது சுயமரியாதைக்கு விரோதமென்றால், சுயமரியாதையின் சரித்திரமே நமக்குத் தெரியாது என்றுதான் ஆகும். நம் ஜில்லாவில் பெண்கள் தோளுக்குச் சீலை போடும் உரிமைக்கு 1822-ல் கல்குளம் பக்கத்தில் கிளம்பின போராட்டம் 1859-ல் திருவிதாங்கூர் அரசரின் உத்தரவு வரையில் நடந்தது. ஒருத்தி மாத்திரம் தனியாக நின்றிருந்தால், சீலையைப் பிடித்து இழுத்தவர்களே ஜெயித்திருப்பார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து போட்டார்கள்; இழுத்த கை ஓய்ந்தது. புரோகிதனில்லாமல் மணம் செய்துகொண்டவர்களை உற்றார் உறவினர் ஒதுக்கி வைத்தபோது, தோழர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்ததனால்தான் அந்தத் திருமணங்கள் நிலைத்தன. தன்மானம் என்பது தனித்துக் கிடப்பதல்ல. ஒருவர் மானத்துக்கு மற்றவர் துணை நிற்பது.

அந்தத் திருமணங்களுக்கு 1967-ல் சட்ட அந்தஸ்து தேடிக்கொடுத்த அறிஞர் அண்ணா, உணவுக்குழாயில் புற்று வந்து, 1968-ல் நியூயார்க் போய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பியும் பிழைக்காமல், 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். முதல் மந்திரியாக இரண்டு வருஷங்கூட முழுதாக இருக்கவில்லை. அவருக்குப் பொடியும் புகையிலையும் பழக்கம் என்பது அவரோடு பழகினவர்கள் அறிந்தது. ஒரு மனிதருக்கு வந்த வியாதி இன்னதினாலேதான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் புகையிலை உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகிறது என்பது மருத்துவ உலகம் முடிவு கட்டிய சங்கதி. அவர் மேடைக்கு எதிரே கூடி நின்ற லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேர் அவர் கையிலிருந்து அந்தப் பொடி மட்டையை வாங்கி வைக்கத் துணிந்திருப்போம்? தலைவரிடம் அன்பு வைப்பதென்றால் மாலை போடுவது மாத்திரம் என்று நாமும் பக்தர்களைப் போலவே நினைத்துவிட்டோம்.

"இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களுக்கும் கணக்கிருக்கிறது. இங்கிலாந்து டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருஷம் கவனித்து 2004-ல் வெளியிட்ட முடிவு இது: விடாமல் சிகரெட் குடிப்பவர் சராசரி 10 வருஷ ஆயுளை இழக்கிறார். 60 வயதில் விட்டால் அதில் 3 வருஷமும், 50-ல் விட்டால் 6 வருஷமும், 40-ல் விட்டால் 9 வருஷமும் மிச்சப்படுத்தலாம். 30-ல் விட்டால் ஏறக்குறைய பத்தும் திரும்பக் கிடைக்கும். "சிகரெட்டுதானே கெடுதல், பீடி வெறும் இலைதானே" என்பதும் புரட்டு. பீடி இலையில் காற்று புகாததாலும், அணைந்து போகாமலிருக்க அடிக்கடி பலமாக இழுக்க வேண்டியிருப்பதாலும், சிகரெட்டை விட அதிகமான விஷமே உள்ளே போகிறது. வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்ளும் அண்டி ஆபீஸ் சகோதரிகளுக்கும், புகையில்லாததால் தப்பிவிட்டோம் என்ற எண்ணம் வேண்டாம். வாய்ப்புற்று அங்கேதான் காத்திருக்கிறது.

ஆடி அமாவாசையன்று குழித்துறை ஆற்றங்கரைக்கு வாவுபலிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பீடி குடித்து நெஞ்சிளைத்து ஐம்பது வயதில் செத்துப்போன தகப்பனுக்கு எள்ளும் அரிசியும் வைத்துப் பலியிட்டுவிட்டு, கரையேறி, ஈர வேட்டியோடு நின்று பீடி பற்றவைக்கும் மகனை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். செத்த தகப்பன் சோற்றுக்கு வருவான் என்று நம்பத் தெரிந்தவனுக்கு, தகப்பன் எதனால் செத்தான் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற அவன் பத்து வயது மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த பலி எந்த வீட்டில் தயாராகிறது என்பதற்கு ஜோசியன் வேண்டுமா?

ஆகவே என்ன செய்யலாம்? விடப்போகிற தோழர் முதலில் ஒரு தேதியைக் குறிக்கட்டும். நல்ல நாள் பார்க்கவேண்டாம். அதை வீட்டாரிடமும், கூட வேலை செய்கிறவர்களிடமும், வழக்கமாகப் பீடி வாங்கும் கடைக்காரரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடட்டும். இரகசியமாக விடுகிறவன் இரகசியமாகவே பிடித்துக்கொள்ளவும் வழி வைத்துக்கொள்கிறான். சாயாவும் பீடியும் சேர்ந்தே பழகினவர் கொஞ்ச நாளைக்குச் சாயாவை வீட்டிலேயே குடிக்கட்டும். ஆசை எழுந்தால் அது சில நிமிஷத்தில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிஷத்தைக் கடத்த ஒரு தோழரோடு பேசினாலே போதும்.

துணை நிற்கிறவர்களுக்கு அதைவிட முக்கியமாகச் சொல்லவேண்டும். விட்டவர் எதிரே பற்றவைக்காதீர்கள், நீட்டாதீர்கள், "எத்தனை நாளைக்குப் பார்ப்போம்" என்று கேலி செய்யாதீர்கள். முதல் வாரம் தினமும் ஒரு தடவையாவது கூப்பிட்டு விசாரியுங்கள். வீட்டில் எரிந்து விழுந்தால் அது நிக்கோட்டின் பேசுகிற பேச்சென்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதையே சாக்காக வைத்துப் பெண்டாட்டியை ஏச எந்த ஆண்பிள்ளைக்கும் உரிமை கிடையாது. இந்தப் பாரம் முழுவதையும் அந்த அம்மாள் தலையில் சுமத்தாமல் ஆண் தோழர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தவறி ஒரு பீடி குடித்துவிட்டால், "எல்லாம் போயிற்று" என்று கைகழுவாதீர்கள். ஒரு பீடி ஒரு பீடிதான். மறுநாள் காலை மறுபடி தொடங்குங்கள். பலர் பல தடவை விழுந்து எழுந்த பிறகே விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் போதாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி மருத்துவரைப் போய்ப் பாருங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் முதலிய மருந்துகள் இருக்கின்றன. இந்திய அரசாங்கம் 2016-ல் ஏற்படுத்திய 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுத்தால் மறந்துபோகும் என்று விற்கப்படும் பொடிகளுக்குக் காசைக் கொட்டி அழாதீர்கள்.

கேள்வி கேட்ட தோழர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். விடியற்காலை இருட்டில், குளிருக்கு ஒன்று பற்றவைக்காமல் முதல் மரத்துக்குப் போக முடியவில்லை என்பதே அவர் கஷ்டம். அந்த நேரத்தில் அவரை டெலிபோனில் கூப்பிட்டுப் பேச மூன்று தோழர்கள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அதில் ஒருவர். அவர்களில் இன்னொருவர் இன்னமும் பீடி குடிக்கிறவர். தினமும் காலையில் எழுந்து, "குடிக்காதே" என்று ஒருவருக்குச் சொல்லிச் சொல்லித் தமக்கே வெட்கமாயிருக்கிறது என்று இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார். முடிவு எப்படியாகுமென்று நாம் ஆரூடம் சொல்லப் போவதில்லை. இதை எழுதும்போது அவருக்கு 23-வது நாள். மாலை போட்டவருக்கு 41-ஆம் நாள் துணை போய்விடும். நம் தோழருக்கு 42-ஆம் நாள் காலையிலும் டெலிபோன் அடிக்கும்.

ஒவ்வொரு ஊர்த் தோழர்களும் தங்களிடையே விட நினைக்கிற ஒருவரையாவது கண்டுபிடித்து, அவருக்கு மூன்று பேர் துணையாக ஏற்பட்டு, இந்த வாரமே தொடங்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.